பீலித்தண்ணீரில் ஒரு மூலக்கூறைத் தேடுவது

ஹட்டன் பக்கம் உயர்தரம் படிக்கும் ஒரு மாணவி கேட்டிருந்தார்: "சேர், மூலக்கூறு அடையாளம் காணல், சூழல் மாசுகள் என்று முப்பது வருடத்துக்கு மேல் ஆராய்ச்சி செய்திருக்கிறீர்கள். அப்படியென்றால் நாள் முழுக்க என்னதான் செய்வீர்கள்? அதனால் நம்ம மலைக்கு ஏதாவது கிடைத்ததா? நானும் இரசாயனவியல் படிக்க ஆசைப்படுகிறேன். அம்மா தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறார். அவருக்கு இதை எப்படிச் சொல்வது?"

மகள், கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். உங்கள் அம்மாவுக்குத்தான் இது சீக்கிரம் விளங்கும்.

நிரையில் நிற்கும்போது அவருடைய கையைப் பாருங்கள். கண் எங்கேயோ இருக்கும், வாய் பக்கத்து நிரை ஆளோடு கதைத்துக்கொண்டிருக்கும், விரல் மட்டும் இரண்டு இலையும் ஒரு மொட்டும் இருக்கிற இடத்துக்குச் சரியாகப் போய் நிற்கும். முற்றிய இலை விரலில் பட்டதும் விட்டுவிடும். இளங்கொழுந்து விரலுக்குள் வளைந்து கொடுத்து "டக்"கென்று முறியும். ஒரு செடியில் நூற்றுக்கணக்கான இலைகள். அதில் வேண்டியது சிலதுதான். அந்தச் சிலதை விரல் வடிவத்தாலும் மென்மையாலும் கண்டுகொள்கிறது. இதே வேலையை ஒரு மூலக்கூறைக்கொண்டு செய்விப்பதுதான் எங்கள் துறை. விரல்மாதிரி ஒரு மூலக்கூறைக் கட்டவேண்டும். தண்ணீரில் கலந்திருக்கும் ஆயிரம் பொருட்களில் ஒன்றே ஒன்றை அது பிடிக்கவேண்டும், மற்றதை விட்டுவிட வேண்டும்.

இதை வீட்டிலேயே காட்டலாம். துருப்பிடித்த ஆணி ஒன்றைக் கொஞ்சம் வெறுந்தேத்தண்ணியில் இரவு முழுக்கப் போட்டு வையுங்கள். காலையில் அது மைபோலக் கறுத்திருக்கும். தேயிலையில் உள்ள பொலிபீனோல்களில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மூன்று ஒட்சிசன்கள் நண்டுக் கொடுக்குமாதிரி நிற்கின்றன. இரும்பு அயன் அந்த இடுக்கில் பொருந்திக்கொள்கிறது, நிறம் மாறுகிறது. பழைய இரும்புக் குழாய்த் தண்ணீரில் ஊற்றிய தேநீர் கறுப்பதும் இதனால்தான். இப்போது அதில் பாதித் தேசிக்காயைப் பிழியுங்கள். கறுப்பு வெளுக்கும். தேசிக்காயின் அமிலம் இரும்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது. ஒருத்தர் பிடித்து வைத்திருப்பதை இன்னொருத்தர் பறிக்கிறார். இந்தப் போட்டியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும். (ஆணி ஊறினதை யாரும் குடித்துவிட வேண்டாம்.) இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். கிளினிக்கில் கொடுக்கும் இரும்புக் குளிசையைப் பிளேன்டீயோடு விழுங்கவேண்டாம் என்பதற்கும் காரணம் இதேதான். கோப்பைக்குள் நடப்பது வயிற்றுக்குள்ளும் நடக்கும், இரும்பு உடம்பில் சேர்வது குறைந்துவிடும். நம் தோட்டங்களில் இரத்தச்சோகை எவ்வளவு என்று உங்களுக்குத் தெரியும்.

சரி, துறைக்கு வருவோம். பூட்டும் சாவியும்போல நொதியம், அதாவது உயிர்களுக்குள் இரசாயன மாற்றங்களை நடத்தும் புரதம், தன் பொருளைப் பிடிக்கிறது என்று எமில் பிஷர் 1894இலேயே சொல்லிவிட்டார். ஆனால் அப்படிப் பிடிக்கிற ஒரு மூலக்கூறை மனிதர் கையால் செய்யலாம் என்ற நம்பிக்கை 1967இல்தான் வந்தது. சார்ள்ஸ் பெடர்சன் என்பவர் டூபொன்ட் கம்பனியின் ஆய்வுகூடத்தில் வேறு எதையோ செய்யப்போய், கூடவே கொஞ்சம் வெள்ளைப் பளிங்கு வந்தது. அதைத் தூக்கி எறியாமல் என்னவென்று பார்த்தார். வளையமாக நிற்கும் மூலக்கூறு, நடுவில் ஓட்டை, ஓட்டையைச் சுற்றி ஒட்சிசன்கள். கிரீடம்போல இருந்ததால் கிரவுன் ஈதர் என்று பெயர் வைத்தார். இந்தக் குடும்பத்தில் 18-கிரவுன்-6 என்ற வளையத்தின் ஓட்டை பொட்டாசியம் அயனுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. சோடியம் அதற்குள் தொளதொளவென்று இருக்கும். பெடர்சனிடம் கலாநிதிப் பட்டம் இல்லை. கொரியாவின் பூசானில் பிறந்தவர். 1987இல் லேன், கிராம் என்ற இருவரோடு நோபல் பரிசு வாங்கும்போது வயது 83. பட்டம் கிடைக்குமா என்று பயப்படுகிற பிள்ளைகளிடம் இதை நான் அடிக்கடி சொல்வதுண்டு.

அந்தப் பரிசு அறிவித்த அடுத்த வருடம் நான் பிரித்தானியாவுக்கு மேற்படிப்புக்குப் போனேன். இங்கே பல்கலைக்கழகங்கள் மூடிக்கிடந்த காலம். போன புதிதில் நூலகத்தில் ஒரு சஞ்சிகையைத் திறந்தவன் அப்படியே நின்றுவிட்டேன். பெரிய கிரவுன் வளையம் ஒன்றின் நடுவே தட்டையான ஒரு மூலக்கூறு, நூல் கோத்ததுபோல நிற்கிறது. கீழே பெயர்: பரகுவாட்.

அந்தப் பெயரை எனக்கு எட்டு வயதிலிருந்தே தெரியும். அப்பா தோட்டத்தில் மருந்தடிக்கிற ஆள். முதுகில் டாங்கி, காலில் ஒன்றும் இல்லை, முகத்தில் துவாய். சாயந்தரம் பீலிக்கரையில், மலைத்தண்ணீர் குழாய் வழியே விழும் இடத்தில், கைகழுவும்போது பார்ப்பேன்: விரல் நகங்கள் வெளிறி, சில அடியோடு பிளந்திருக்கும். "மருந்து பட்டது" என்பார். அதற்குமேல் யாரும் எதுவும் கேட்டதில்லை. தோட்டத்துக் களையைக் கொல்லும் அந்த மருந்து அளவு தப்பி உடம்புக்குள் போனால் மாற்று மருந்து கிடையாது. எத்தனையோ வீடுகளை அது குலைத்துப்போட்டது. இலங்கையில் 2008 முதல் படிப்படியாகக் குறைத்து, அடுத்த சில வருடங்களில் முற்றாக நிறுத்தினார்கள்.

அதே மூலக்கூறை வைத்து பிரேசர் ஸ்டொடார்ட் என்ற ஸ்கொட்லாந்துக்காரர் விளையாடிக்கொண்டிருந்தார். பரகுவாட் இரண்டு நேர் ஏற்றம் கொண்டது, தட்டையானது. எலெக்ரோன் நிறைந்த வளையங்களுக்கு நடுவே செருகி நிற்பதில் அதற்கு நிகர் இல்லை. இந்தச் சோடி 1987இல் வந்தது. அதிலிருந்து ஒன்றுக்குள் ஒன்று கோத்த வளையங்கள், தண்டில் ஏறி இறங்கும் வளையங்கள் என்று போய், 2016இல் மூலக்கூற்று இயந்திரங்களுக்காக நோபல் பரிசு. அவரும் ஒரு பண்ணைவீட்டுப் பிள்ளைதான். அப்பாவின் நகத்தைப் பிளந்த சாமான் இன்னோர் ஊரில் அழகான கட்டடத்தின் செங்கல்லாக இருந்தது. எனக்குக் கோபமா ஆச்சரியமா என்று இன்றைக்கும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் என்ன செய்யப்போகிறேன் என்பது அன்றைக்கே தெரிந்துவிட்டது: பீலித்தண்ணீரில் பரகுவாட் இருக்கிறதா என்று சொல்லும் ஒரு வளையம் செய்யவேண்டும்.

நாலு வருடம் ஒரே ஒரு வளையத்தைச் செய்தேன். கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். பதினாலு படி, ஒவ்வொரு படியிலும் பாதி போய்விடும், கடைசியில் கரண்டி நுனியளவு தூள். அசற்றோனில் கரைத்துப் பரகுவாட்டைச் சேர்த்தபோது செம்மஞ்சள் நிறம் வந்தது. துள்ளிக் குதித்தேன். வாய்மொழிப் பரீட்சையில் வயதான பரீட்சகர் ஒருவர் ஆய்வேட்டை மூடி வைத்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "தண்ணீரில் வேலை செய்யுமா?"

செய்யாது. ஏன் என்பதுதான் இந்தத் துறையின் முழுப் பாடும். பெடர்சனின் பொட்டாசியத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 18-கிரவுன்-6 மெதனோலில் பொட்டாசியத்தைப் பிடிக்கும் பலத்துக்கு ஓர் எண் போட்டால் சுமார் பத்து இலட்சம் வரும். அதே சோடிக்குத் தண்ணீரில் சுமார் நூறு. பத்தாயிரம் மடங்கு வீழ்ச்சி! காரணம், தண்ணீர் சும்மா இருக்கும் பாத்திரம் கிடையாது. அதுவும் அயனைச் சுற்றி வளைத்துப் பிடிக்கிறது. நம் வளையத்தின் ஒட்சிசன்களையும் பிடிக்கிறது. தேசிக்காய் இரும்பைப் பறித்ததுபோலத்தான் இதுவும், இங்கே பறிக்கிறவர் கோடிக்கணக்கில். பரகுவாட்டைப் பிடித்த அந்தப் புகழ்பெற்ற வளையத்துக்கே அசற்றோனில் ஆயிரத்துக்கும் குறைவான எண்தான். அதன்படி கணக்குப் பார்த்தால் ஒரு லீற்றரில் நூற்றுக்கணக்கான மில்லிகிராம் பரகுவாட் இருந்தால்தான் வளையங்களில் பாதி நிரம்பும். அந்தத் தண்ணீரைச் சோதிக்க ஆய்வுகூடம் தேவையில்லை.

எங்களுக்கு வேண்டிய அளவு எவ்வளவு தெரியுமா? ஐரோப்பாவில் குடிதண்ணீரில் ஒரு பீடைகொல்லிக்கு விட்டிருக்கும் எல்லை லீற்றருக்கு 0.1 மைக்ரோகிராம். 10,000 லீற்றர் தண்ணீர் பவுசர்கள் ஆயிரத்தை வரிசையாக நிறுத்தி, எல்லாவற்றுக்குமாகச் சேர்த்து ஒரு கிராமைப் பிரித்துப் போட்டதுபோல. அதைக் கண்டுபிடிக்கவேண்டும், அதுவும் மழை நாளில் செம்மண் கலங்கி ஓடும் தண்ணீரில்.

பேராதனைக்குத் திரும்பி வந்த பிறகு, ஒளிர்வை நம்பி வேலை செய்தேன். வளையத்தோடு ஒரு விளக்கைக் கட்டிவிடுவது: பிடிக்கவேண்டிய மூலக்கூறு வந்தால் எரியும், இல்லாவிட்டால் அணைந்திருக்கும். இதைத்தான் உணரி என்கிறோம். இந்த வித்தையில் நம் நாட்டுக்காரர் ஒருவர் உலகத்துக்கே ஆசான். கொழும்புப் பல்கலைக்கழகத்தில் படித்துப் பெல்பாஸ்ட் போன பிரசன்ன டி சில்வா. 1993இல் இரண்டு அயன்களும் சேர்ந்து வந்தால் மட்டும் ஒளிரும் ஒரு மூலக்கூறைக் காட்டி, கணினி செய்யும் தருக்க வேலையை மூலக்கூறும் செய்யும் என்று நிறுவினார். அவருடைய வழியில் வந்த சோடியம், பொட்டாசியம் உணரிகள் ஆஸ்பத்திரிகளில் இரத்தம் சோதிக்கும் கருவிக்குள் போய்விட்டன. இரத்தத்திலும் தண்ணீர்தான் நிறைய, அங்கே எப்படி வேலை செய்கிறது என்று கேட்பீர்கள். இரத்தத்தில் சோடியம் ஏராளம், மில்லிமோல் கணக்கு. அதற்குப் பலவீனமான பிடியே சரி, சொல்லப்போனால் பலவீனமாக இருக்கவும் வேண்டும். மலையில் நான் தேடியது அதைவிடக் கோடிக்கணக்கான மடங்கு குறைவானதை.

இனி நான் பட்ட வெட்கத்தைச் சொல்கிறேன். திரும்பி வந்து மூன்றாவது வருடம், நான் வளர்ந்த தோட்டத்துக்குப் போத்தல்களோடு போனேன். லயத்துக்குக் கீழே இருக்கும் பீலியில், வடிகானில், ஆற்றோரம் என்று எட்டுப் போத்தல். ஆய்வுகூடத்தில் என் உணரியைச் சேர்த்துப் புறஊதாக்கதிர் விளக்கில் பிடித்தால் எட்டும் நீலமாக ஒளிர்கின்றன! மாலையே தோட்டத்துத் தலைவருக்குச் சொல்லி அனுப்பிவிட்டேன், தண்ணீரில் மருந்து இருக்கிறது என்று. இரண்டு நாளில் லயம் முழுக்கப் பரவிவிட்டது. பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஒன்றரை மைல் ஏறி மேல் ஊற்றுக்குப் போகத் தொடங்கினார்கள்.

என்னிடம் வேலை செய்த மாணவி ஒருத்தி, உங்களைப்போலத்தான், அமைதியான பிள்ளை, ஒரு கேள்வி கேட்டாள்: "சேர், உணரி போடாமல் பார்த்தீர்களா?" பார்க்கவில்லை. பார்த்தோம். உணரியே போடாத தண்ணீரும் நீலமாகத்தான் ஒளிர்ந்தது. மேலே, மருந்தே படாத காட்டுக்குள் இருந்து எடுத்துவந்த தண்ணீர் எல்லாவற்றையும்விடப் பிரகாசம். மட்கிய இலைகளில் இருந்து வரும் கரிமப் பொருட்களுக்கு இயல்பாகவே அந்த நீல ஒளிர்வு உண்டு; அது புத்தகத்தில் இருக்கிற விஷயம், எனக்குப் பாடமாகத் தெரிந்த விஷயம். காட்டு ஓடையிலே எது இருக்குமோ அதைத்தான் நான் மருந்து என்று பறைசாற்றியிருந்தேன். திரும்பவும் மலையேறிப் போய், காலையில் ஆட்களை வேலைக்குப் பிரிக்கும் பெரட்டுக்களத்தில் எல்லார் முன்னாலும் பிழை என்று சொன்னேன். ஒரு பாட்டி மட்டும், "அப்ப குடிக்கலாமா, குடிக்கப்படாதா? அத சொல்லு தம்பி" என்றார். அதற்கும் என்னிடம் அன்றைக்குப் பதில் இல்லை, ஏனென்றால் இருக்கிறது என்பது பிழையானாலும், இல்லை என்று நான் காட்டியிருக்கவில்லையே.

அதற்குப் பிறகான இருபத்தைந்து வருட வேலை எல்லாம் அந்தப் பாட்டியின் கேள்விக்குப் பதில் தேடியதுதான். அழகான வளையம் செய்கிற ஆசை மெல்லப் போய்விட்டது. தண்ணீரை முதலில் வடித்துச் செறிவாக்குவது, கரிமக் குப்பையைப் பிரிப்பது, தெரிந்த அளவு பரகுவாட்டை நாமே அதே தண்ணீரில் சேர்த்து அது முழுசாகத் திரும்பக் கிடைக்கிறதா என்று பார்ப்பது, இப்படி அழகில்லாத வேலைகள்தான் பெரும்பாலும். சிறப்பான ஒரே பூட்டு இல்லாவிட்டால் சுமாரான பத்துப் பூட்டுகளை அடுக்கி, பத்தும் சேர்ந்து காட்டும் கோலத்தை வைத்து ஆளைக் கண்டுபிடிக்கும் முறையும் வந்தது. நாக்கு அப்படித்தானே சுவை பார்க்கிறது.

வேறொன்றும் கற்றோம். பரகுவாட்டை மண்ணே அடையாளம் கண்டுகொள்கிறது! களியின் மறை ஏற்றமுள்ள பரப்பில் இந்தத் தட்டையான நேர் ஏற்ற மூலக்கூறு பசைபோல ஒட்டிக்கொள்ளும். மண்ணில் பட்டதும் மருந்து செத்துவிடும் என்று அந்தக் காலத்தில் சொன்னதற்கு இதுதான் அடிப்படை. பொய் கிடையாது. ஆனால் நம் மலையில் மண் நிற்கிறதா? ஒரு பெருமழைக்குக் கான் வழியே இறங்கி ஆற்றுக்கும் நீர்த்தேக்கத்துக்கும் போகிறது. தண்ணீரை வடிகட்டிவிட்டுத் தெளிந்ததைச் சோதித்தால் ஒன்றும் இருக்காது. வடிதாளில் நின்ற சேற்றில் இருக்கும். நாங்கள் பல வருடம் அந்த வடிதாளைக் குப்பையில் போட்டுக்கொண்டிருந்தோம்.

கிளைபோசேட் என்ற களைகொல்லியைப் பற்றியும் கட்டாயம் கேட்பீர்கள். அதுவும் மூலக்கூறு அடையாளக் கதைதான். செடிக்குள் இருக்கும் ஒரு நொதியம் தன் சரியான பொருள் என்று நினைத்துக் கிளைபோசேட்டைப் பிடித்து ஏமாறுகிறது. செடிக்கு வேண்டிய மூன்று அமினோ அமிலங்கள் உண்டாகாமல் காய்ந்துபோகிறது. நமக்கு அந்த நொதியம் கிடையாது. கிளைபோசேட்டுக்கு உலோக அயன்களைக் கௌவும் குணமும் உண்டு. வடமத்திய மாகாணத்தில் காரணம் தெரியாத சிறுநீரக நோய் பரவியபோது, கடினநீரும் கிளைபோசேட்டும் உலோகங்களும் சேர்ந்து செய்த வேலை என்று 2014இல் ஒரு கருதுகோள் வந்தது. 2015இல் தடை. தேயிலை மலைகளில் புல் மண்டியது, எம்.சி.பி.ஏ. என்ற வேறு களைகொல்லியை அடித்தார்கள், தேயிலையில் அதன் எச்சம் ஜப்பான் அனுமதித்த அளவைத் தாண்டி ஏற்றுமதிக்குத் தலைவலியானது. 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் தடையைத் தளர்த்தினார்கள். என் அபிப்பிராயம்: கௌவும் என்று சொன்னால் போதாது. எவ்வளவு பலமாக, எதனோடு போட்டிபோட்டு, எந்தத் தண்ணீரில் என்று கேட்கவேண்டும். கடினநீரில் கல்சியம் ஏராளம், கிளைபோசேட்டின் பிடியை முதலில் அதுதான் நிரப்பும். கடினநீரில் கரைத்து அடித்தால் மருந்தின் வேகமே குறைவது இதனால்தான். நம் மலைத் தண்ணீர் மென்மையானது. இங்கிருந்து வவுனியா, கிளிநொச்சிக்குக் குடிபோனவர்களைக் கேளுங்கள், அங்கே சவர்க்காரம் நுரைக்கவே மாட்டேன் என்கிறது என்பார்கள். ஒரே மருந்து இரண்டு ஊரில் இரண்டுவிதமாக நடந்துகொள்ளும். அந்த நோய்க்குப் புளோரைட்டும் கடினத்தன்மையும் சேர்ந்து காரணமா, வெப்பமும் நீரிழப்பும் காரணமா என்று இன்னும் வாதம் நடக்கிறது. பரிசோதனை முடியுமுன் பெரட்டுக்களத்தில் போய்ச் சொன்னவன் என்ற முறையில் நான் அதில் அவசரப்படமாட்டேன்.

நாள் முழுக்க என்ன செய்வீர்கள் என்றீர்களே. காலையில் விரிவுரை. அப்புறம் கருவியின் விளக்கு எரிந்துபோயிருக்கும், புதியது வர எட்டு மாதம், அதற்குக் கடிதம். பிள்ளைகளின் ஆய்வேட்டில் சிவப்புப் பேனை. நல்ல மாணவர்கள் வெளிநாடு போவார்கள். வழியனுப்புவது ஒரு வேலை. மாதத்தில் இரண்டு நாள் ஆற்றோரம். உண்மையில் ஆராய்ச்சி என்று நடப்பது ராத்திரியில்தான்.

மலைக்கு என்ன கிடைத்தது? பெரிதாகச் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. நாங்கள் சோதித்த பீலிகளில் பரகுவாட்டைவிட உரத்தில் இருந்து வரும் நைத்திரேற்றும், மேலே கட்டிய மலசலகூடங்களில் இருந்து வரும் கிருமிகளும்தான் கவலைக்குரியவை என்று தெரிந்தது. மரக்கறித் தோட்டங்களுக்குக் கீழே இருப்பவர்களுக்கு இது இன்னும் பொருந்தும். உலக சுகாதார நிறுவனம் நைத்திரேற்றுக்கு விட்டிருக்கும் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். அதை அளக்க என் வளையம் எதுவும் தேவையில்லை, மலிவான சோதனைத்தாள் போதும். இரண்டு பீலிகளின் வாயை மேலே நகர்த்தினார்கள். அந்தப் பாட்டிக்குப் பதில் சொல்ல நான் திரும்பப் போனபோது அவர் இல்லை, மருமகளிடம் சொல்லிவிட்டு வந்தேன்: கொதிக்கவைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது, கைக்குழந்தைக்குப் பால் கரைக்க மட்டும் மேல் ஊற்றில் எடுங்கள்.

நீங்கள் படிக்கவேண்டும் என்றுதான் சொல்வேன். கணிதத்தை விட்டுவிடாதீர்கள், சமநிலைக் கணக்குகள்தான் இந்தத் துறையின் சோறு. லீவில் வந்தால் ஒரு நாள் மாதிரி எடுக்கக் கூட்டிப்போகிறேன். உங்கள் லயத்துப் பீலியில் ஒரு போத்தல், அதற்கு மேலே காட்டுக்குள் ஒரு போத்தல், இரண்டும் வேண்டும். போத்தலை அந்தத் தண்ணீராலேயே மூன்று தரம் அலசிவிட்டு நிரப்புங்கள். இடமும் நேரமும் பென்சிலால் எழுதுங்கள். பேனை மை நம்ம மழைக்கு நிற்காது.